கோல் நின்ற இடம்

அருங்காட்சியகப் பின்னறையில், திருகுப்பிடியில் இறுகிக் கிடக்கிறது பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி. எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் முத்திரை, கல்லைக் கவ்வி அடிக்கும் ‘குதிரை’ என்ற இரும்பு விசைக்கு அடியில் மறைந்திருக்கிறது. தச்சர் அண்ணன் அந்தக் குதிரையைப் பின்னால் இழுத்துக் கட்டைவிரலால் பிடித்திருக்கிறார். தடுக்கும் கொக்கி தேய்ந்துவிட்டது, விட்டால் கல் எதிரே நிற்கும் இரும்புத் தகட்டில் அடித்துப் பொறி பறக்கும். நான் குழலின் வாய்க்கு எதிரே நின்று, உள்நீளம் அளக்க மரக்கோலை இறக்குகிறேன். மெத்தென்று எதிலோ முட்டி நிற்கிறது. அளவை விரலால் பிடித்துக் கோலை உருவி, குழலின் மேலே வைத்துப் பார்க்கிறேன். காலிக் குழலென்றால் பொறி உள்ளே போகும் மருந்துத் துளை வரை எட்டியிருக்க வேண்டும்; நான்கு விரற்கடை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. அந்தக் கறுத்த வாய் என் வயிற்றுக்கு நேராக இருக்கிறது.

“என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கிரீடம் தெரியுது, கீழ ஏதோ எழுத்து. சீக்கிரம் வந்து படி, விரல் மரத்துப்போச்சு.”

“அண்ணே, உள்ள குண்டு இருக்கு.”

“நகரு” என்கிறார், சிரிப்பை விழுங்கி. நான் கோலைப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறேன். அவர் கட்டைவிரல் வழுக்குகிறது. சட்டென்று இடக்கை விரலைக் கல்லுக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே கொடுக்கிறார். டக்கென்று சத்தம். விரலிலிருந்து ரத்தம் மேசையில் சொட்டுகிறது.

“எந்த நாடுன்னு படிச்சியா?” என்கிறார் பல்லைக் கடித்தபடி.

நான் படிக்கவில்லை.