பிடிதுணி வேண்டாத கை

பொங்கி வந்த பால் பாத்திரத்தை ஆனந்தமேரி வெறும் கையால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பக்கத்தில் நின்ற செபாஸ்தியம்மாள் அவசரமாக நீட்டிய பிடிதுணியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் உங்கள மாதிரி பூஞ்சை உடம்புக்குத்தான். இது உழைச்ச கை. இதுக்குச் சூடாவது, மண்ணாவது!"

செபாஸ்தியம்மாள் வீட்டுக் கூடத்தில் அன்பியக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. தெருவிலுள்ள கத்தோலிக்கப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். அதற்கு ஆனந்தமேரிதான் தலைவி. செபம் என்னவோ சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் ஊரார் தோலை அலசி ஆராய்வதுதான் முடியாது.

திண்டுக்கல் வெயிலுக்கு யாருக்கு வேர்க்குரு வந்தாலும், கொப்புளம் வந்தாலும் அவளே டாக்டர். செபாஸ்தியம்மாள் இடுப்பில் படர்தாமரை வந்தபோது மருந்துக்கடையில் தானாகவே ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தாள். முதலில் அடங்கினதுபோல இருந்த படர்தாமரை, பிறகு முதுகு முழுக்க ஏறிவிட்டது. "உன் உடம்பு வாகு அப்படி" என்று பழியைச் செபாஸ்தியம்மாள் உடம்பின் மேலேயே போட்டுவிட்டாள் அந்த மகாராணி.

இன்றைக்கு அவள் கண்ணில் பட்டவள் ஷைனி. பள்ளிக்கூட டீச்சர்; அகரத்திலிருந்து வந்து தெருவில் குடியேறிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவளுடைய விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் பால் நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன.

அடுத்த வாரக் கூட்டம் ஷைனி வீட்டில் என்று பேச்சாகியிருந்தது. புது ஊரில் முதன்முதலாக நாலு பேர் தன் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்ற சந்தோஷத்தில் அவள் புதுப் பாய்கூட வாங்கி வைத்துவிட்டாள். அதே சந்தோஷத்தில்தான் இப்போது காப்பித் தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"தொடாத!" என்றாள் ஆனந்தமேரி. "வெண்குஷ்டத்த வச்சுக்கிட்டு நாலு பேரு குடிக்கிற டம்ளர்ல கை வைக்கப் போறியே, கூச்சமா இல்ல?"

வேறு யாராவது என்றால் பூசி மெழுகிச் சொல்லியிருப்பார்கள். ஆனந்தமேரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"அக்கா, இது வெறும் வெண்புள்ளி. தோல்ல நிறம் போயிருக்கு, அம்புட்டுத்தான். யாருக்கும் ஒட்டாது."

"நீ சொன்னாப் போதுமா? அடுத்த வாரம் உன் வீட்டுல கூட்டம் கெடயாது. உன் கையால காப்பி வாங்கிக் குடிக்க இங்க யாருக்கும் தலையெழுத்தில்ல. செபத்துக்கு வந்தேன்னா வாசப்பக்கமா உக்காரு."

ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

"டாக்டரம்மா டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான்க்கா சொன்னாங்க. கண்ண மூடச் சொல்லிட்டு, திட்டு மேல பஞ்சால தொட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுச்சு. தொழுநோய்னா அந்த எடம் மரத்துப் போயிருமாம், தொட்டாலும் தெரியாதாம். அதுவுமே மாத்திரை சாப்ட்டாக் கொணமாயிருமாம்."

ஆனந்தமேரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பஞ்சால தொட்டு நோயக் கண்டுபிடிச்சாளாமா? பஞ்சு பட்டா பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே, இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? அந்த டாக்டரு எங்க படிச்சா?"

சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, வளையல்களை மேலே தள்ளி இடது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று அகலமாகப் படர்ந்திருந்தது.

"இந்தா, எனக்குந்தேன் இருக்கு. துணி சோப்பு ஒத்துக்கல. அரிப்புமில்ல, வலியுமில்ல, அது பாட்டுக்கு இருக்கு. இதுல தொட்டுக் காட்டு, நான் கரெக்டாச் சொல்றேன். அதோட உன் டாக்டரு வண்டவாளம் தெரிஞ்சு போகும். ஆனா உன் கை மட்டும் எம் மேல படக்கூடாது, ஆமா!"

செபாஸ்தியம்மாள் அலமாரியிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். ஆனந்தமேரி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வாயோரத்தில் இளக்காரம் அப்படியே இருந்தது.

ஷைனி பஞ்சைத் தேமல் மேல் வைத்து மெல்ல இழுத்தாள். மறுபடியும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். ஆனந்தமேரி சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள்.

ஷைனிக்கு முகம் மாறிவிட்டது. பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, படக்கூடாது என்று ஆனந்தமேரி சொன்ன தன் வெள்ளை விரலையே அந்தத் தேமல் மேல் வைத்து அழுத்தினாள். செபாஸ்தியம்மாள் தன் தோளில் கிடந்த பிடிதுணியைப் பார்த்தாள். பிறகு அடுக்களையில் ஆவி பறந்துகொண்டிருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தாள்.

மூடிய கண்ணோடு ஆனந்தமேரி பொறுமையிழந்து அதட்டினாள்.

"ஏம்மா, பஞ்சு வாங்க நிலக்கோட்டைக்கா போயிட்ட? சீக்கிரம் தொடு!"