பன்னிரண்டு மணிக்கு மேல்

"மாமா, கரண்டே இல்லையே! எங்க மோட்டார் எப்படி ஓடும்?"

ஏழு வயது நுஸைபா இப்படிக் கேட்டதும், வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்த தியாகேசன் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

பக்கத்து வயல்காரர் இப்ராஹிம், நுஸைபாவின் அத்தா. எட்டு வருஷம் துபாயில் உழைத்த காசில் போர் போட்டுக் கம்ப்ரசர் மோட்டார் வைத்திருந்தார். அது ஓடினால் தியாகேசனின் கேணி ஊறாது. அதனால் மதியம் பன்னிரண்டுக்கு மேல் மோட்டார் போடுவதில்லை என்று இருவருக்கும் பேச்சு. இப்போது மணி இரண்டு.

"சின்னப் புள்ளைய விட்டுப் பேச வைக்கிறியா? எனக்குத்தான் கேக்குதே, குபுக் குபுக்குன்னு! ராத்திரி பகலா ஓட்டுற. தண்ணித் திருடன்!"

"அண்ணே, வந்து மோட்டாரைத் தொட்டுப் பாருங்க. சுட்டுச்சுன்னா நானே போரை மூடிடறேன்."

தியாகேசன் விடுவிடுவென்று போய்த் தொட்டார். குளத்துக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது.

"எங்க வம்சத்துல எவனும் அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டதில்ல, தெரியுமா?" என்றார், குரல் இறங்கி.

இப்ராஹிம் ஒரு நொடி வரப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அது கிடக்கட்டும். சத்தம் இப்பவும் கேக்குதா?"

"கேக்குது."

"எந்தக் காதுல?"

தியாகேசன் ஒவ்வொரு காதாகப் பொத்திப் பார்த்தார். முகம் மாறியது. "இடது காதுல மட்டும்தான்."

மறுநாள் காலை இப்ராஹிமின் பைக்கில் இருவரும் தஞ்சாவூரில் இருந்தார்கள். டாக்டர் அனுராதா காதுக்குள் விளக்கடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு தியாகேசனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, பேனாவால் மேசையில் தட்டினார்.

"இந்தத் தாளத்துலதானே கேக்குது?"

"அதேதாம்மா! அதே மோட்டாரு!"

"அது உங்க ரத்தம் ஓடுற சத்தம். காது ஜவ்வுக்குப் பின்னாடி மாதுளை முத்து மாதிரி சிவப்பா ஒரு கட்டி. துடிக்குது. லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது."

"புத்துநோயாம்மா?"

"பெரும்பாலும் இருக்காது. மெதுவாத்தான் வளரும். ஆனா விட்டுட்டா மண்டையோட்டு அடிவரைக்கும் இறங்கும். காது போகும், முகம் கோணிக்கும். ஸ்கேன் எடுத்துட்டு சென்னைக்கு அனுப்பறேன். முதல்ல கட்டிக்குப் போற ரத்தத்தை, மடையை அடைக்கிற மாதிரி அடைச்சிடுவாங்க. அப்புறம் எடுத்தா ரத்தம் கொட்டாது. சரியான நேரத்துல வந்திருக்கீங்க. யாருக்கு முதல்ல சந்தேகம் வந்தது?"

"எம் பொண்ணுக்கும்மா," என்றார் இப்ராஹிம். "ரெண்டாங் கிளாஸ்!"

வெளியே வந்ததும் தியாகேசன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகல. பயிர் சூல் கட்டுற நேரம். வாய்க்கால் காஞ்சு கிடக்கு. எம் பையன் பிரபு சிங்கப்பூர்ல இருக்கான். ஒரு மாசம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தா, மூணு மா நிலத்து நெல்லும் பதராப் போயிடும்."

"ஆண்டவன் பாத்துக்குவான்."

"உன் ஆண்டவனா, என் ஆண்டவனா?"

"யாருக்கு வேலை கம்மியா இருக்கோ அவன். ஏறுங்கண்ணே வண்டியில."

திருவாரூர்த் தியாகராஜருக்கு நேர்ந்துகொண்டு, மனைவி அகிலாண்டத்தோடு சென்னைக்குப் போனார் தியாகேசன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. முகம் கோணவில்லை. காதில் அப்படியொரு அமைதி. மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மோட்டாரை நிறுத்திட்டாங்க!"

இருபத்தெட்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பதராகிப்போயிருக்கும் பயிரைப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகலாம் என்று வயல்பக்கம் நடந்தார். பத்தடிதான் வைத்திருப்பார், அப்படியே நின்றுவிட்டார்.

குபுக்... குபுக்... குபுக்...

"அகிலாண்டம், திரும்ப வந்துடுச்சு!"

"ஐயோ, தியாகராஜா!" அகிலாண்டம் மஞ்சள் பையைக் கீழே போட்டுவிட்டாள். "டாக்டர் சொன்னாங்களே, நாடியைப் பிடிச்சுப் பாருங்க!"

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஒரு தாளம், சத்தம் இன்னொரு தாளம். இரண்டும் சேரவே இல்லை.

"இது வெளியில! அகிலாண்டம், இது நிஜ மோட்டாரு!" என்று துள்ளினார். அடுத்த நொடி புருவம் சுருங்கியது. "மணி மூணு ஆகுதே. பன்னண்டுக்கு மேல போடறானா?"

வயலுக்கு ஓடினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டிய தண்ணீர் வரப்பின் மடை வழியாகத் தியாகேசனின் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பால் பிடித்த கதிர்கள் பாரம் தாங்காமல் தலை சாய்ந்து நின்றன.

மண்வெட்டியோடு நின்ற இப்ராஹிம், பிடிபட்டவரைப் போல நெளிந்தார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, பேச்சு மீறிட்டேன். காலையில எனக்கு, மதியத்துக்கு மேல உங்களுக்குன்னு ஓட்டிட்டேன்."

"மாமா," என்று கத்தினாள் நுஸைபா, "இப்ப கரண்ட் இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். தியாகேசன் மட்டும் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுவடை முடிந்தது. அடுத்து வந்த மூன்று வெள்ளிக்கிழமைகளும், இப்ராஹிம் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், தியாகேசன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வயலுக்குப் போனார். இப்ராஹிம் துபாயில் இருந்த எட்டு வருஷமும், வரப்பைச் செதுக்கும் சாக்கில் வருஷத்துக்கு நாலு விரல் வீதம் இப்ராஹிமின் நிலத்துக்குள் தான் தள்ளி வைத்திருந்த வரப்பை, பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்.