கரைந்த இடம்

ஜன்னல் வெயில் சம்மதப் படிவத்தின் மேல் விழ, தையற்காரியின் கையில் பேனா அசையாமல் நிற்கிறது. "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் இரைப்பையில இருந்த நிணநீர்ப் புற்று மளமளன்னு கரைஞ்சு, அந்த இடமே ஓட்டையாயிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா உயிருக்கு ஆபத்து," என்கிறார் டாக்டர். இது நல்ல சேதியா, கெட்ட சேதியா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "போடுடி கையெழுத்தை. உன் கடைக்குக் கிழிசலைக் கொண்டு வர்றவங்களை இப்படியா காக்க வைப்பே?" என்று ஸ்ட்ரெச்சரில் முனகுகிறான் கணவன். அவள் டாக்டரைப் பார்க்கிறாள். "நைஞ்ச இடத்துல தையல் நிக்காதே, ஓரம் பிஞ்சிடுமே?" டாக்டர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார். "அதனாலதான் வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்பையே இழுத்து மேல ஒட்டுப் போட்டுத் தைக்கிறோம்." ஒட்டுப் போடுவது அவளுக்குப் புரிகிறது, மற்றதெல்லாம் இன்னும் குழப்பம்தான். "நெருக்கமாத் தைங்க டாக்டர்," என்று சொல்லிக் கையெழுத்திடுகிறாள்.