மலைக்கென்று ஒரு போன்

வெள்ளச்சி செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த மாடி டிராவல்ஸ் ஆபீசுக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை. ஏசிக் குளிரிலும் ரோஜா ஸ்பிரே வாசனையிலும் அவள் தயங்கி நின்றாள்.

மேசைக்குப் பின்னால் அத்தியா உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. நான்கு வருடமாக அங்கே போன் எடுப்பதுதான் அவள் வேலை.

"நீங்கதான் போன்ல பேசிகினு இருந்த அம்மாவா?"

அத்தியா அந்த முகத்தை முன்பு பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் இதே வெள்ளச்சி கல்வராயன் மலையிலிருந்து ஒரே நாளில் ஆறு தடவை போன் செய்தாள். அவள் புருஷன் தர்மன் ஆந்திராவுக்கு மாந்தோப்பு வேலைக்குப் புறப்பட இருந்தான். அதுவரை கச்சிராயபாளையம் சந்தையைத் தாண்டிப் போகாத மனிதன்.

வேன் எங்கே நிற்கும், இறங்குகிற இடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்களா, வளைவில் திரும்பினாலே அவருக்கு வாந்தி வருமே, என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அத்தியா ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. தர்மனுக்கு முன் சீட்டை ஒதுக்கினாள். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் வேனில் வைக்கச் சொன்னாள். திருவண்ணாமலையில் எத்தனை மணிக்கு டிபன், வேலூரில் எத்தனை மணிக்கு டீ என்பது வரை சொன்னாள். வேன் கிளம்பியதும் தானே கூப்பிட்டு, அண்ணன் ஏறிவிட்டார், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்றாள்.

வெள்ளச்சி போனிலேயே அழுதாள். பயம் விட்டுப்போன அழுகை அது.

முதலாளி சுப்புராயன் இந்தக் குரலுக்காகத்தான் மலைக்கென்று தனியாக ஒரு போன் வாங்கி அத்தியாவின் மேசையில் வைத்திருந்தார். மலைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம், அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி என்பார். அவள் எப்படிப் பேசுகிறாள் என்று மற்றப் பெண்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வார்.

இப்போது அவர் உள் அறையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். வெள்ளச்சியை எட்டிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தவில்லை. எண்ணெய் விரல்களை ஒரு டிக்கெட் தாளில் துடைத்துக்கொண்டே, பேசி அனுப்பு என்பது போலக் கையை ஆட்டினார். அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த மாவுத் துணுக்கை அத்தியா பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

வெள்ளச்சி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். மாந்தோப்பு என்று எதுவும் இல்லையாம். வேனை விட்டு இறக்கிக் காட்டுக்குள் நடக்கவைத்தார்களாம். கையில் கோடாலியைக் கொடுத்து, செம்மரம் வெட்டச் சொன்னார்களாம். மூன்றாம் நாள் போலீஸ் சுற்றி வளைத்ததாம். கூட்டிப்போன ஆள் ஓடிவிட்டான். தர்மனும் இன்னும் பதிமூன்று பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள். தப்பி வந்த ஒருவன்தான் மலையில் வந்து சொன்னான்.

அவள் கத்தவில்லை. மேசையில் அடிக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் அத்தியாவுக்குக் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லம்மா. நீங்க சொன்ன மாதிரியே முன் சீட்டுல குந்த வச்சி இட்டுகினு போனாங்களாம். அவரு ஒரு தபாகூட வாந்தி எடுக்கலயாம்."

அத்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் என்று சைகை காட்டினாள். ரோஜா வாசனை நாக்கில் படிந்து கசந்தது.

வெள்ளச்சி காத்திருந்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும். வழி தெரியாது, பாஷை தெரியாது. நீங்கள் சொன்னால் பயம் இருக்காது.

இந்த ஆபீஸ் பெயரைப் போலீசில் சொல்லு, அந்தப் பஜ்ஜி தின்கிறவனைக் காட்டு, என்னையும் காட்டு. இவ்வளவும் அத்தியாவின் நாக்கு நுனிவரை வந்தது.

வாயைத் திறந்தபோது வந்தது அந்தக் குரல்தான். மெல்லிய, அலுப்பே இல்லாத குரல்.

"ஒக்காருங்கக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல. எழுதியே குடுத்துடறேன்."

வெள்ளைத் தாளை எடுத்தாள். காலையில் முதல் பஸ்ஸுக்கு எங்கே நிற்க வேண்டும், எங்கே மாற வேண்டும், மாறுகிற இடத்தில் பெண்களுக்கான கழிப்பறை எந்தப் பக்கம். ஆதார் அட்டையோடு அதன் நகல் இரண்டு. செவ்வாயும் வெள்ளியும்தான் பார்க்க விடுவார்கள். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது, உள்ளே விற்கிற பிஸ்கட்டை வாங்கிக் கொடுக்கலாம். தெலுங்கு தெரியாவிட்டால் போகட்டும், ஜன்னலில் 'முலாகத்' என்று சொன்னால் போதும், கைதியைப் பார்க்க வந்திருப்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சொல்லை வெள்ளச்சிக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

வெள்ளச்சியின் நெற்றிச் சுருக்கம் மெதுவாக விலகியது. ஏசிக் குளிர்கூட அவளுக்குப் பழகிவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்க அங்க போயிருக்கீங்களாம்மா?"

"இல்லக்கா."

உண்மைதான். அவள் போனதில்லை. போய் வந்த பெண்கள் மலையிலிருந்து போன் செய்து, நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் நடந்தது என்று நன்றி சொல்லும்போது சொன்ன விவரங்கள் அவை.

இதுவரை பதினோரு பேருக்கு அவள் இந்தத் தாளை எழுதிக் கொடுத்திருந்தாள்.

அதில் ஏழு பேருக்கு, தர்மன் வேன் ஏறுவதற்கு முந்தைய வருடமே.