காலில் ஒரு குளம்

பஞ்சாலைத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன அப்பா, இப்போதெல்லாம் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். அவர் காலில் சதை பிடித்துவிட்டதாக அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “கால் வீங்கினா இதயம் களைச்சுப்போச்சுன்னு அர்த்தம், உடனே வந்துடுங்க” என்று டாக்டர் சொன்னது அப்பாவுக்கும் மகள் மெர்லினுக்கும் மட்டும்தான் தெரியும்.

மெர்லின் அவர் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். குழி மூடவில்லை. அந்தி வெளிச்சம் அதில் தண்ணீர்போல் தேங்கியது.

“மீன் வளக்கலாம்டி” என்று மூச்சு வாங்கச் சிரித்தார். “அம்மாகிட்ட சொல்லிடாத. இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிறா.”

குளத்தின் அடியில் ஏதோ மெல்ல நீந்திப் போவதுபோல் இருந்தது. கஞ்சி கொண்டுவந்து வைத்த அம்மாவின் கையைப் பிடித்து, அவள் பெருவிரலை அப்பாவின் இன்னொரு காலில் வைத்து அழுத்தினாள் மெர்லின்.

“என்னடி இது, பிசைஞ்ச மாவு மாதிரி…” என்ற அம்மா, அதன்பிறகு விரலை எடுக்கவே இல்லை.