சீட்டில் எழுதிய பெயர்

மூன்று மாதமாகத் தூங்காத மனைவியைத் தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்து வந்திருந்தார் முனிரத்தினம்.

"பேஷண்ட் பேரு?" என்றாள் நர்ஸ்.

"சந்திரிகா. பம்மல்."

மனைவி அவர் காதோரம் சீறினாள். "இன்னாய்யா, பக்கத்து வூட்டுக்காரி பேரைச் சொல்ற?"

"கம்முனு இரு. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துகினு கீறோம். வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

இருவரும் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள்.

"கிளியம்மாள், பம்மல்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

முனிரத்தினம் சட்டென்று நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அது அவர் மனைவியின் நிஜப் பெயர்.

முன் பெஞ்சிலிருந்து முக்காடு போட்ட ஒருத்தி எழுந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தவள், அவர்களைக் கண்டு அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுச் சந்திரிகா.

முனிரத்தினம் தரையைப் பார்த்தார். கிளியம்மாள்தான் பேசினாள்.

"போம்மா, என் பேரைத்தான் கூப்புடறாங்க. உன் பேரு வந்தா நான் போறேன்."