இருபத்திரண்டாம் மாடிக் கயிறு

"குடிச்சுப்போட்டு கயித்துல ஏற வந்திருக்கான் இவன்! நிக்க முடியுதான்னு பாருங்க!"

வரவேற்புக் கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஜோஸ்லின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சூப்பர்வைசர் சென்னிமலை, அவள் கணவன் தேவானந்தத்தின் கையைப் பிடித்து லிஃப்டிலிருந்து இழுத்து வந்தார்.

அவினாசி ரோட்டின் அந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கித் துடைக்கிறவன் தேவானந்தம். சாராய வாடையே ஆகாது அவனுக்கு. அதிலும் இது தவக்காலம். நாற்பது நாளாக ஒருசந்தி நோன்பு, ஒரு வேளைச் சாப்பாடுதான். பகலில் பச்சைத் தண்ணீரோடு சரி. இன்று பெரிய வியாழன்; ஞாயிறு ஈஸ்டர்.

"ஏனுங்கண்ணா, இப்படிச் சொல்ல வாய் கூசலீங்களா?"

"நீ பேசாம இரு அம்மணி."

பாதுகாப்பு அதிகாரி சாய்ப்ரியா வேகமாக வந்தாள். "ஏன் இப்படி நடுங்கறாரு? மயக்கமா?"

"மயக்கமெல்லாம் இல்லீங்க மேடம், மப்பு!"

வரவேற்பு மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்ப இதுல ஊதட்டும்." சாய்ப்ரியா மது கண்டறியும் கருவியை நீட்டினாள்.

ஜோஸ்லினுக்கு உயிர் வந்தது. "ஊதுங்க! ஊதி இவரு மூஞ்சில கரியப் பூசுங்க!"

சென்னிமலையின் விரல்கள் தேவானந்தத்தின் மணிக்கட்டில் இறுகின. அவன் மனைவியைப் பார்க்கவில்லை.

"குடிச்சேனுங்க மேடம்."

ஜோஸ்லின் கையிலிருந்த துடைப்பான் நழுவியது.

"ஒத்துக்கிட்டா ஊத வேண்டாம். மொதத் தடவைங்கறதால மூணு நாள் சஸ்பெண்ட். வெள்ளி, சனி, ஞாயிறு." கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள் சாய்ப்ரியா.

தேவானந்தத்தைப் பின்வாசலுக்குக் கூட்டிவந்த சென்னிமலையை மறித்தாள் ஜோஸ்லின். "பதினோரு வருசம் உங்க கீழ வேல பாத்த மனுசனுங்க. இனி நாங்க எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போறது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சற்றுமுன் கத்திய குரலா இது என்று தோன்றும்படி, மெதுவாகப் பேசினார்.

"மொட்டமாடில, இடுப்புல கயித்த மாட்டறப்பவே சாஞ்சுட்டான் அம்மணி. இன்னும் ரெண்டடி தள்ளியிருந்தா... மயக்கம்னு எழுதுனா உசரத்துல ஏறற பாஸ ஆயுசுக்கும் கிழிச்சுப்போடுவாங்க. குடின்னா மூணே நாளு. எனக்கு வேற வழி தெரியல."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலை இன்னும் நிமிரவில்லை.

சென்னிமலை தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை அவள் கையில் திணித்தார்.

"ஞாயித்துக்கிழமையோட உங்க நோம்பு முடிஞ்சிருமில்ல? திங்கக்கிழமை வயிறு நெறையச் சாப்பிட வெச்சு அனுப்பு."